ராயபுரத்தில் ஒரு நீதிபதியின் மகன்

நாகர்கோவிலில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று நான் விடுப்புக் கேட்ட அன்றுதான் மார்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகிற வழியில் ஒருவனுக்குக் கடிதம் கொடுக்க வேண்டும்" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "என் குடும்பத்தில் ஒருவன். அவன் செத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது" என்றார்.

ஓஹையோ ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மார்த்தா ஆஷ்வெல்லுக்குத் தொண்ணூற்றொரு வயது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது. மூக்கில் எந்நேரமும் ஆக்ஸிஜன் குழாய். கல்யாணம் ஆகவில்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அந்தக் குடும்பத்தில் கடைசி ஆள் அவர்தான்.

குடும்பம் என்றால் லேசான குடும்பம் இல்லை. எங்கள் ஊர் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததுமே தாடி வைத்த ஒரு பெரிய மனிதரின் படம் தொங்கும். நீதிபதி ஹைரம் ஆஷ்வெல். மார்த்தாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. மாடு மேய்த்துக்கொண்டே இரவல் சட்டப் புத்தகங்களைப் படித்து வக்கீல் ஆனவர். அப்புறம் நீதிபதி, அப்புறம் மாநில செனட்டர். இரண்டு பெண் குழந்தைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனபோது, புதைத்துவிட்டு மறுநாளே நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அடிமைத்தனத்தை எதிர்த்து முழங்கியவர் என்று படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது. முழங்கியது உண்மைதான். ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்து, எதிர்த்துப் பேசினால் கைதட்டல் கிடைக்கிற காலம் வந்த பிறகு.

அதற்கு முன்னால் நடந்ததைத் தகடு சொல்லவில்லை. அந்த நாளில் ஆற்றுக்குத் தென்கரையில் அடிமைகள் உண்டு, வடகரையில் இல்லை. ஒரு கறுப்பினப் பெண் கைக்குழந்தையோடு படகில் இக்கரைக்குத் தப்பி வந்தாள். பிடித்து ஹைரம் முன்னால் நிறுத்தினார்கள். எஜமானிடமே திருப்பி அனுப்பு என்றது சட்டம். அவர் அனுப்பினார். அந்த நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தது அவருடைய மூத்த மகன் தாமஸ். அந்த வாரமே தாமஸ் வீட்டை விட்டுப் போனான். பாஸ்டனில், மெட்ராஸுக்கு ஐஸ்கட்டி ஏற்றிப் போன கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ராயபுரத்தில் தங்கிவிட்டான்.

வருஷத்துக்கு ஒன்று என்று பதினொரு கடிதம் எழுதினான். நீதிபதி ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, வழக்குக் கட்டு மாதிரி நூலால் கட்டி, 'பதில் தேவையில்லை' என்று மேலே எழுதி மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தார். மனைவி அபிகெயிலுக்கு மகன் உயிரோடு இருப்பதே தெரியாது. நீதிபதி இறந்த பிறகுதான் அந்த அம்மாள் சாவியை எடுத்துத் திறந்தாள். உடனே மகனுக்கு எழுதினாள். சில மாதம் கழித்து அந்தக் கடிதம், 'முகவரியாளர் இறந்துவிட்டார்' என்ற குறிப்போடு மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தது.

மார்த்தா என்னிடம் கொடுத்தது அந்தக் கடிதத்தையும், தாமஸின் பதினொரு கடிதங்களையும். "அவனுக்கு அங்கே மனைவி, மகன் உண்டு. யாராவது இருப்பார்கள். நான் போவதற்குள் கொடுத்துவிடு" என்றார்.

ராயபுரத்தில் இறங்கியபோது மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. ரயில் நிலையத்தின் பழைய தூண்கள் நனைந்து கறுத்து நின்றன. தெருவில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர். அதில் மீன் செதில்களும் டீசலும் சேர்ந்து வானவில் மாதிரி மினுங்கின. என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் வண்ணாரப்பேட்டை காதர் பாய். அறுபதைத் தாண்டியவர். அன்றிலிருந்து ஐந்து நாளும் அவர் வண்டிதான்.

"கொட்ற மயில எங்கம்மா கோயிலுக்கு? நல்லா குந்து, சீட்டு அந்தாண்ட ஒயுவுது" என்றார்.

தேவாலய அலுவலகத்தில் ஸ்டீபன் என்ற எழுத்தர் இருந்தார். நான் சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அமெரிக்காகாரரா? நம்ம கோயில் ரிஜிஸ்டர்லயா? பழைய புக்கு ரூம்பு சாவி ஃபாதர் கையில கீது, சிஸ்டர். அவரு ஆசுபத்திரிக்குப் போய்கிறாரு. நாளிக்கி வந்துடுங்க."

சாயங்காலம் கடற்கரைச் சாலை ஓரத்தில் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டு வந்த நூடுல்ஸ். புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், ஒரு பிடி முட்டைக்கோஸ், கையாலேயே பிசைந்து கொடுத்தார்கள். எங்கள் ஓஹையோ ஊரில் எல்லாவற்றையும் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள், ருசியும் கையுறை மாதிரிதான் இருக்கும். இது நன்றாக இருந்தது. ஆனால் சாப்பிடும்போதே அபிகெயில் நினைப்பு வந்தது. அவள் மகன் இந்தத் தெருவில் என்ன சாப்பிட்டான் என்றுகூட அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாம் நாள் பதிவேடு கிடைத்தது. பூச்சி அரித்த பக்கங்கள். ஸ்டீபன் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்கு ஒரு வரியில் விரலை வைத்தார். தாமஸ் ஆஷ்வெல், அமெரிக்கன், ஐஸ் கிடங்கு குமாஸ்தா, வாந்திபேதி. மனைவி பெயர் அந்தோணியம்மாள். ஒரு மகன்.

கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. மூன்று நாளில் கல்லறைத் திருநாள் என்பதால், மழையிலும் சிலர் குனிந்து சிலுவைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எது அவருது?" என்று கேட்டேன்.

"எடம் ஏது சிஸ்டர்? ஒருத்தர் மேல ஒருத்தர்னு போட்டுகினே கீறோம். பழசு ஒண்ணும் மிஞ்சல." ஸ்டீபன் சுற்றிலும் கையைக் காட்டினார். "எங்க நின்னாலும் அவரு மேலதான் நின்னுகினு கீறோம்."

நான் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, திரும்பி வரும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஆசுவேல்னு பேரு வெக்கிற குடும்பம் ஒண்ணு கீது. பையனுக்கு, பேரனுக்கு எல்லாம் அதான் பேரு. சாமுவேல் மாதிரி பைபிள் பேருன்னு நெனச்சிகினு இருந்தேன். இங்கதான் கடலாண்ட இருந்தாங்க. வூட்ட அல இஸ்துகினு பூட்ச்சி. இப்ப எண்ணூர்ல கீறாங்க. ரெஜினாம்மான்னு கேளுங்க, கருவாடு விக்கும்."

மூன்றாம் நாள் எண்ணூருக்குக் கிளம்பினோம். திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள். ஒன்றன் பின் ஒன்றாக, இஞ்சினை அணைத்துவிட்டு, காட்டுப்பள்ளி துறைமுகம் வரைக்கும் நிற்கின்றன என்றார்கள். வலது பக்கம் கருங்கல் கொட்டிய கரை. கல்லுக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறக் கடல். கல்லுக்கு இந்தப் பக்கம் பாதி இடிந்த வீடுகள். ஒரு வீட்டில் சமையலறைச் சுவர் மட்டும் நின்றது, அதில் அரிவாள்மனை மாட்டிய ஆணிகூட அப்படியே இருந்தது.

எர்ணாவூர் அருகே தேங்கிய தண்ணீரில் ஆட்டோ இருமி நின்றது. காதர் பாய் இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன். "நீ ஏம்மா, நர்ஸம்மா" என்று தடுத்துப் பார்த்தார். நோயாளிகளைத் தூக்கிப் பழகிய தோள்தானே, தள்ளினேன். அப்படியும் கிளம்பவில்லை. மெக்கானிக் வரும் வரை ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். பக்கத்து பெஞ்சில் இரண்டு லாரிக்காரர்கள் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் எனக்கு மெதுவாகத் தமிழில் சொன்னார். "மூணு கிலோமீட்டர் போறதுக்குள்ள மூணு வேள சாப்ட்டேன்னு சொல்றான்மா. இன்னோர்த்தன், எனக்கு ஊர்ல கொயந்த பொறந்து நடக்கவே ஆரம்பிச்சிடும்போலன்றான்." அவர்கள் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை.

மழை விட்டபோது வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. ஓஹையோவிலும் எங்கள் ஆற்றங்கரையில் இப்படி ஒன்று உண்டு. அது நின்றுபோய்ப் பல வருஷம் ஆயிற்று. வார இறுதியில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே யாரும் படம் எடுக்கவில்லை. டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்தால் விரலில் சாம்பல் ஒட்டியது.

ரெஜினாவின் வீட்டை அடைந்தபோது பூட்டியிருந்தது. வியாபாரத்துக்குப் போய்விட்டாராம். வெறுங்கையோடு திரும்பினோம்.

நான்காம் நாள் விடிந்ததுமே போனோம். அவர் வாசலில் பிளாஸ்டிக் விரிப்பில் நெத்திலிக் கருவாட்டைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஈரக்காற்றில் எப்படிக் காயும் என்று அலுத்துக்கொண்டே பரப்பினார். அறுபது வயது இருக்கும். கறுத்து, ஒடிசலாக, பெரிய கைகளோடு இருந்தார். அந்த முகத்தில் மார்த்தாவின் சாயலைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு ஒரு கடிதம் கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

"வேணாம்மா. வந்த கடுதாசியே போதும்." அவர் காட்டிய இடத்தில், கதவுக்குப் பின்னால் ஆணியில், பாலிதீன் பையில் சில காகிதங்கள் தொங்கின. வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த உத்தரவு. ராயபுரத்தில் கடல் எடுத்த வீட்டுக்குப் பதிலாகத் தானே கட்டிக்கொண்ட வீடு இது. இதுவும் ஆக்கிரமிப்பாம்.

காதர் பாய்தான் பேசி உட்கார வைத்தார். "யக்கா, இந்தம்மா அமெரிக்காவுலேருந்து வந்துகிறாங்க. உன் தாத்தாவோட தாத்தாவுக்கு அப்பா எய்தினது, அவுங்கம்மா எய்தினது எல்லாம் கொண்ணாந்துகிறாங்க. கேட்டுட்டு அப்பால அனுப்பிடு."

"வெள்ளக்காரரு ஒர்த்தரு இருந்தாருன்னு எங்க நைனா சொல்லும்" என்றார் ரெஜினா. "நாங்க நம்பல. எங்கள பாத்தா யாரு நம்புவா?"

அபிகெயிலின் கடிதத்தை எடுத்தேன். நைந்த தாள். ஆங்கிலத்தில் மனதுக்குள் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"தாமஸ், உன் கடிதங்களை இன்றுதான் பார்த்தேன். பதினொன்றையும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரே நாளில் படித்தேன். இத்தனை வருஷமும் நீ என்னிடம் சொல்லாமல் போய்விட்டாய் என்று உன்மேல் கோபமாக இருந்தேன். என்னை மன்னித்துவிடு. உனக்கு மகன் பிறந்த செய்திக்கு எட்டு வருஷம் கழித்துச் சந்தோஷப்படுகிறேன். அவனுக்குப் பல் முளைத்ததா, நடக்கிறானா என்று கேட்க நினைத்தேன். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிற பையன் என்று அப்புறம்தான் தோன்றியது. நீ திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிற கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆற்றின் அக்கரைக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை. நீ வா. இந்த வீட்டில் இப்போது கதவைத் திறக்க நான் மட்டும்தான் இருக்கிறேன்."

ரெஜினா கருவாட்டை அளைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். பிறகு, "இன்னா கேள்வி?" என்றார்.

நான் முழுக் கதையையும் சொன்னேன். நீதிபதி, ஆறு, அந்தப் பெண், குழந்தை. தாமஸின் முதல் கடிதத்தில் இருந்ததையும் படித்தேன். "அந்த உத்தரவை நீங்கள் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன், அப்பா. அந்தக் கையோடு இனி உங்கள் மேஜையில் சாப்பிட முடியாது." பதினொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது செய்தி உண்டா?

விமானத்தில் இதைப் படித்து நான் அழுதிருந்தேன். ரெஜினாவும் அழுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அழவில்லை.

"எய்தினது அவரு கைதானே?" என்றார்.

"ஆமா. ஆனா அப்பா சொல்லி..."

"எனுக்கு ஆர்டர் டைப் அடிச்சானே, அவனுக்கும் யாரோதான் சொன்னாங்க. என் மூஞ்ச நிமிந்துகூட பாக்கல." அவர் கையை உதறி எழுந்தார். "அம்மாந்தூரம் கடலு தாண்டி ஓடியாந்தாரே, அந்தப் பொம்பள இருந்த எடத்துக்கு ஓடலையே. ஆத்துக்கு அந்தாண்டதானே இருந்துச்சி? லெட்டர் போட்டு கேட்டா? அதுவும் அனுப்பினவருகிட்டயே?"

மார்த்தாவும் நானும் எத்தனையோ சாயங்காலம் தாமஸைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அது பேரு இன்னா?" என்றார் ரெஜினா.

"யாரு பேரு?"

"அந்தப் பொம்பள பேரு. கொயந்த பேரு."

கடிதங்களில் பெயரே இல்லை. 'அந்தப் பெண்' என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது. தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் சாப்பிடாமல் விடவில்லை. சோறும், கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். காதர் பாய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது ரெஜினா, "அம்மா எய்தினத மட்டும் குடு. அத்த வாங்கிக்க ஆளு வேணும் இல்ல? மத்ததெல்லாம் நீயே எத்துகினு போ" என்றார். கடிதத்தை வாங்கி முந்தானையில் துடைத்து, உத்தரவு தொங்கிய ஆணியில் மாட்டாமல், மாதா படத்துக்குப் பின்னால் செருகினார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மார்த்தாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. சொல்லலாமா வேண்டாமா என்று அறையில் அரைமணி நேரம் நடந்தேன். சாகப்போகிறவரிடம் பொய் சொல்வதில்லை என்பது என் வேலையில் நான் வைத்துக்கொண்ட ஒரே விதி. ரெஜினா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

மறுமுனையில் ஆக்ஸிஜன் கருவியின் சீறல் மட்டும் கேட்டது.

"கடிதக் கட்டிலிருந்து ஒரு தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்" என்றார் மார்த்தா. "அந்த உத்தரவின் நகல். தாமஸின் கையெழுத்து. ரொம்ப அழகான கையெழுத்து. ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை, நடுக்கம் இல்லை. எழுதினேன் என்று அவன் சொல்வது வேறு, அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. நல்லவன் என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்."

"அதில் பெயர் இருக்கிறதா?"

தலையணைக்கடியில் துழாவும் சத்தம் கேட்டது. அத்தனை நாளும் அங்கேயேதான் வைத்திருந்திருக்கிறார். படுக்கை விரிப்பை மாற்றும்போதெல்லாம் அந்தத் தலையணையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொள்வார், ஏன் என்று நான் யோசித்ததில்லை.

"டைனா" என்று படித்தார். "உயரம் எழுதியிருக்கிறது. இடது முழங்கையில் தீக்காயம் என்று எழுதியிருக்கிறது. குழந்தைக்கு, 'உடன் ஒரு பெண் சிசு' என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்."

ஐந்தாம் நாள் கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் எனக்கு நாகர்கோவில் ரயில். மதியம் ராயபுரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ரெஜினா வருவார் என்று ஸ்டீபன் சொல்லியிருந்தார், அவர் கணவர் அங்கேதான் இருக்கிறார். மழை இல்லை, ஆனால் வெயிலும் இல்லை. சேற்றின் மேல் மணல் கொட்டியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் சாமந்தி, ஊதுவத்திப் புகை, குழந்தைகளின் கூச்சல். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஹாரன் அடித்தபடி இருந்தன.

ரெஜினா கணவரின் சிலுவைக்கு மாலை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். பெயரைச் சொன்னேன்.

"டைனா" என்று சொல்லிப் பார்த்தார். "கொயந்த?"

"எழுதலையாம் அக்கா."

மதில் ஓரமாக யாருடையதும் அல்லாத ஒரு மண்திட்டு இருந்தது. ரெஜினா அங்கே போய்க் குந்தினார். பையிலிருந்து மெழுகுவர்த்திகளை எடுத்தார். முதலில் ஒன்றை ஏற்றி நட்டு, "டைனாக்கு" என்றார். பக்கத்திலேயே நெருக்கமாகச் சின்னதாக ஒன்று. மூன்றாவது, அபிகெயிலுக்கு. "அந்தம்மா பாவம். வூட்டுக்குள்ளயே இருந்து ஒண்ணும் தெரியாம பூட்ச்சி." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உதடுகளை அசைத்தார். பையில் இன்னும் இரண்டு மெழுகுவர்த்தி மிச்சம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"தாமஸுக்கு?" என்றேன்.

எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"கோவம் இன்னும் அடங்கல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

ரயில் ஏறுவதற்கு முன் மார்த்தாவிடம் இதைச் சொன்னேன். நான் திரும்பி வரும் வரை அவர் இருக்கவில்லை, அதனால் அதுவே எங்கள் கடைசிப் பேச்சு. என்ன ஏற்றினார்கள், எங்கே வைத்தார்கள், காற்று அடித்ததா என்று எல்லாம் கேட்டார். தாமஸுக்கு ஏற்றவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சரிதான்" என்றார் மார்த்தா. "அவன் காத்திருக்கட்டும்."